சோளகத்தில் தெரியாத ஏணி

கரம்பொன் கரையில் நின்று பார்த்தால் பிள்ளைகள் நீந்திப் பழகும் தெப்பம் தெரியும். பிளாஸ்டிக் பீப்பாக்களின் மேல் பலகை அடித்த சதுர மேடை அது. அதன் ஒரு விளிம்பில் சங்கிலி பூட்டியிருக்கிறது. சங்கிலியின் மறுமுனை கடலடியில் கிடக்கும் கொங்கிறீட் கல்லில். எதிர் விளிம்பில் பிள்ளைகள் ஏறுவதற்கு ஒரு மர ஏணி. நான் அந்தக் கரைக்குப் போனால் தெப்பத்தில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் பார்ப்பதில்லை. ஏணி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

சங்கிலி பிடித்திருக்கும்வரை, அது பூட்டிய விளிம்பு காற்றை நோக்கித் திரும்பி நிற்கும். ஏணி காற்றுக்கு மறைவான பக்கத்தில் இருக்கும். வாடைக்காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும் மாதங்களில் ஏணி எங்களைப் பார்த்தபடி நிற்கும். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக்காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும் மாதங்களில் அது அந்தப் பக்கம் போய்விடும். கரையில் நிற்பவருக்குத் தெரியாது. சோளகத்தில் ஏணி தெரிந்தால், தெப்பத்தை ஒன்றும் பிடித்திருக்கவில்லை என்று அர்த்தம்.

கடலடிச் சங்கிலிகளைப் பார்க்கும் திணைக்கள வேலைக்கு எனக்குப் பிறகு வந்த சிவநேசன், "அண்ணை, உங்களுக்குத் தெரிஞ்சதை ஒருக்கால் எழுதித் தாங்கோ, புதுசா வாற பெடியளுக்கு உதவும்" என்று கேட்டுப் பல மாதங்கள். நான் எழுதவில்லை. இப்போது எழுதத் தொடங்கியிருப்பதற்குக் காரணம் வேறு. கரையேற்றி வைத்திருக்கும் தெப்பத்தைத் திரும்பக் கடலில் விடுவதா வேண்டாமா என்று என் வாயிலிருந்து ஒரு சொல் வர வேண்டுமாம். தாய்மாரும் நீச்சல் பழக்கும் கலா ரீச்சரும் அதற்காகக் காத்திருக்கிறார்கள். என் மகள் ஜெனியும் காத்திருக்கிறாள். மற்றவர்கள் கேட்கிறார்கள். அவள் கேட்பதில்லை. மேசையில் எனக்கு எதிரே இருந்து, சோற்றைப் பிசைந்தபடி, என் முகத்தைப் பார்க்கிறாள்.

நான் கரம்பொன்னில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். உயர்தரம் வரை விஞ்ஞானம் படித்தேன். இடையில் இடப்பெயர்வு, முகாம், சங்கு குளிப்பு என்று காலம் போனது. சண்டை முடிந்து, கடலுக்குப் போகத் தடை நீங்கிய பிறகு திணைக்களத்தில் சுழியோடியாகச் சேர்ந்தேன். குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையே படகுப் பாதையைக் காட்டும் மிதவைகள், இறங்குதுறைகளின் மிதக்கும் மேடைகள், கடைசியாக இந்த நீச்சல் தெப்பம் ஆகியவற்றின் சங்கிலிகளைப் பார்ப்பதும் மாற்றுவதும்தான் என் வேலை.

கடலடியில் சங்கிலி பார்ப்பது கண்ணால் பார்ப்பதல்ல. எங்கள் கடல் ஆழமில்லாதது, சேறு நிறைந்தது. காலை வைத்தவுடன் புகைபோலக் கலங்கும். அந்த மஞ்சள் மங்கலுக்குள் முழந்தாளிட்டு, ஒவ்வொரு கண்ணியாக எடுத்து, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்துத் தடவ வேண்டும். சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் கண்ணிகள் புதிதுபோல இருக்கும். தண்ணீரில் தொங்கும் கண்ணிகளில் மட்டி பிடித்திருக்கும். ஆனாலும் உள்ளே இரும்பு இருக்கும். தேய்வது இடையில்தான். அலைக்கு ஒருமுறை எழும்பி ஒருமுறை விழுந்து, நாள் முழுவதும் தரையில் புரளும் அந்த ஒன்றிரண்டு முழத்தில் கண்ணிகள் வழவழவென்று, கையில் வெகுநாள் உருட்டிய செபமாலை மணிபோல ஆகிவிடும். விரலுக்கு அது இதமாக இருக்கும். அந்த இதத்தை நம்பக்கூடாது. அதுதான் மெலிந்துபோன இடம்.

அங்கே சத்தம் என்று ஒன்று இருக்கும். இரும்பு இரும்பில் உரசும் சத்தம், மேலே எங்கோ ஒரு படகு போகும் சத்தம், என் மூச்சுக் குமிழிகள். எல்லாம் ஒரே தூரத்திலிருந்து வருவதுபோல இருக்கும். இறங்கியபோது வீட்டில் பால்மா முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவன், ஏறும்போது எனக்கு வீடு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு வந்திருக்கிறேன். இது பயம் இல்லை. தூக்கத்துக்கு முன் வரும் மயக்கம் மாதிரி ஒன்று. அதனால்தான் எங்கள் வேலையை மேற்பார்த்த ஓவசியர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்.

ஓவசியர் நெடுந்தீவார். மாடு வளர்க்கும் குடும்பம். படகில் எப்போதும் ஒரு கறுத்தக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு இருப்பார். காற்று அதைப் பிடுங்கப் பார்க்கும். அவர் அதைக் கவனிக்காததுபோல இருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சுழியோடி மேலே வந்ததும் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. முதலில் சுடுதண்ணிப் போத்தலின் மூடியில் பால் விடாத பிளேன்ரீ ஊற்றித் தருவார். அது முடியும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

"வந்த உடன பேசுறவன் பாதி கனவைச் சொல்லுவான்" என்பார். "கனவு வத்தட்டும். பிறகு சொல்லும்."

பிறகு கீழேயிருந்து மேலே கேட்பார். என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

"கல்லு?"

"பாதி சேத்துக்குள்ள, சேர்."

"அசையுதோ?"

"இல்லை."

"புரளுற இடம்?"

"மூண்டிலொண்டு தேஞ்சு போட்டுது. இந்த வருசம் தாங்கும். அடுத்த வாடைக்கு மாத்த வேணும்."

"உமக்கு அடுத்த வாடை எண்டது வாடைக்கு முந்தியோ பிந்தியோ?"

"முந்தி, சேர்."

"ம். மேல் நுனி?"

மேல் நுனி என்பது சங்கிலி மிதவையின் வளையத்தோடு சேரும் இடம். லாடம் மாதிரி வளைந்த ஒரு இரும்பும், அதன் வாயை அடைக்கும் ஓர் ஆணியும். சக்கிள் என்று சொல்வோம். அது கைக்கெட்டும் ஆழத்தில் இருப்பது. முதன்முதல் அவர் அதைக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன்.

"அது மேலயே கிடக்குது, சேர். எல்லாரும் பாக்கிறதுதானே."

"எல்லாரும் பாக்கிறதெண்டு எல்லாரும் நினைப்பினம், தம்பி. திரும்பப் போய் ஆணியைப் பிடிச்சுப் பாத்திட்டு வாரும்."

திரும்ப இறங்கினேன். திரும்ப பிளேன்ரீ. திரும்பக் காத்திருப்பு. ஆணி நன்றாகத்தான் இருந்தது. அவர் தலையாட்டிவிட்டுக் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். அவ்வளவுதான்.

கரம்பொன் தெப்பத்தைப் போட்டதும் அவர் இருந்த காலத்தில்தான். நாலு மூலையிலும் நாலு சங்கிலி போட்டால் தெப்பம் ஆடாமல் நிற்கும் என்று பெற்றோர் சிலர் சொன்னார்கள். ஓவசியர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கட ஊர் மாட்டை நாலு காலிலயும் கட்டிப் பாருங்கோ. கயித்தையும் அறுக்கும், காலையும் முறிக்கும். மூக்கில ஒரு கயிறு போட்டு விட்டால் காத்துக்கு முகத்தைக் குடுத்துக்கொண்டு சும்மா நிக்கும்" என்றார். "தெப்பத்துக்கும் ஒரு மூக்குப் போதும்."

அப்படித்தான் ஒரு விளிம்பில் சங்கிலியும் எதிர் விளிம்பில் ஏணியும் வந்தன.

அதற்கு அடுத்த வருடம் அவர் ஓய்வுபெற்று நெடுந்தீவுக்குப் போனார். சில வருடங்களில் என் இடது காது மெல்ல மெல்லப் போனது. பரிசோதித்த டொக்டர், "இனி இறங்கினால் மற்றக் காதும் போகும்" என்றார். ஐம்பத்தைந்து வயது வருமுன்பே ஓய்வு. இப்போது அந்தக் காதுக்குள் எந்நேரமும் ஒரு இரைச்சல் இருக்கிறது. கடலை விட்டு வந்தவனுக்குக் கடல் தந்து அனுப்பிய பொருள் என்று றீற்றா சொல்லுவாள். றீற்றா என் மனைவி. பகிடி விடுவாள், அதேநேரம் மகள் தண்ணீரில் நிற்கும் நேரமெல்லாம் குசினியில் நின்று செபமாலை சொல்லுவாள். எங்களுக்கு ஜெனி ஒரே பிள்ளை, பிந்திப் பிறந்தவள். பதினாறு வயது. தெப்பத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கலா ரீச்சரோடு சேர்ந்து நீச்சல் பழக்குகிறாள்.

நான் ஓய்வுபெற்ற பிறகு தெப்பத்தில் ஒரு வழக்கம் வந்திருந்தது. எனக்குத் தெரியாது. வேலணையிலிருந்து யோகம் அக்கா என்று ஒருத்தி தன் மகள் கவியை நீந்தப் பழகக் கூட்டிவருவாள். கவிக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். யோகம் அக்கா கோயிலில் மந்திரித்து வாங்கிய செப்புத் தகட்டைத் தெப்பத்தின் அடியில் கட்டிவிடச் சொல்லி ஒரு பெரிய பிள்ளையிடம் கொடுத்தாள். அந்தக் கிழமையே கவி தெப்பம் வரை நீந்திப் போய்விட்டாள். பிறகு கேட்க வேண்டுமா? தெப்பத்தை முதன்முதல் நீந்தித் தொடும் ஒவ்வொரு பிள்ளையும் ஒன்றைக் கொண்டுபோய்க் கட்டத் தொடங்கியது. சைவப் பிள்ளைகள் செப்புத் தகடு, எங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகள் புனிதர் உருவம் பதித்த பித்தளைச் சுரூபமும் சிலுவையும். கட்டுவதற்கு வசதியான இடம் மேல் நுனிதான். தலையைத் தாழ்த்தினால் கைக்கு வரும். நூலால் கட்டினால் உக்கும், இரும்புக் கம்பி துருப்பிடிக்கும் என்று பழைய மின்கம்பியை உரித்துச் செப்புக் கம்பி எடுத்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். செம்பு துருப்பிடிக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

அன்று சனிக்கிழமைப் பின்னேரம். நல்ல சோளகம். சோளகத்தில் எங்கள் கரை மிக அமைதியாக இருக்கும். காற்று முதுகுப் பக்கத்திலிருந்து, பனைகளைத் தாண்டி வரும். கரையோரத் தண்ணீரில் சின்னச் சுருக்கம்கூட இராது. அந்த அமைதி முழுவதும் வெளியே போகும் அமைதி. நான் பூவரச மரத்தின் கீழே கதிரை போட்டு இருந்தேன். கலா ரீச்சர் முழங்காலளவு தண்ணீரில் சின்னதுகளோடு நின்றாள். தெப்பத்தில் ஜெனியும் பிள்ளைகளும். வெயில் சாய்ந்து, தண்ணீர் பித்தளை நிறமாக, பிள்ளைகள் நிழல்போல எழும்பிக் குந்தி எழும்பிக் குந்தி, எல்லாம் ஒரு கனவின் ஓட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு நித்திரை வந்தது.

அப்போது ஏணி தெரிந்தது.

முதலில் அதன் ஒரு கால். பிறகு படிகள். தெப்பம் மிக மெதுவாக, யாரோ உள்ளங்கையில் வைத்துத் திருப்புவதுபோலத் திரும்பிக்கொண்டிருந்தது. ஏணி எங்களைப் பார்த்தது. கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு மறுபக்கம் போனது. யாரும் ஒன்றும் கவனிக்கவில்லை. தெப்பத்தில் பிள்ளைகள் சிரிப்பது தெரிந்தது. எதிரே காரைநகர்க் கரை மங்கலாகக் கிடந்தது. இரண்டுக்கும் இடையில் படகுகள் போகும் ஆழமான பாதை. அங்கே நீரோட்டம் எந்நேரமும் இழுக்கும்.

நான் எழும்பியது எனக்கு நினைவில்லை. கலா ரீச்சர் பிறகு சொன்னாள், கதிரை விழுந்ததாம். தண்ணீர் இடுப்பில் முட்டியபோதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. தெப்பத்தின் விளிம்பில் ஜெனி எழும்பி நின்றாள். அவளும் கண்டுவிட்டாள். கைகளை முன்னே நீட்டி, குதிப்பதற்கு முன் நிற்பதுபோல நின்றாள். நல்ல நீச்சல்காரி, கரைக்கு நீந்தி வந்து ஆட்களைக் கூப்பிடலாம் என்று நினைத்திருக்கிறாள். எதிர்க்காற்று. அவள் குதித்தால் மற்றப் பெரிய பிள்ளைகளும் பின்னால் குதிப்பார்கள்.

காற்று என் பின்னாலிருந்து வீசியது. அதை அப்போது நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். வாய் தானாகத் திறந்தது.

"ஜெனீ! இரு! ஒருத்தரும் குதியாதேங்கோ! எல்லாரும் இருங்கோ!"

என் குரல் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போவது எனக்கே தெரிந்தது. ஜெனியின் கைகள் இறங்கின. அவள் திரும்பி ஏதோ சொன்னாள். ஒவ்வொரு தலையாகத் தாழ்ந்தது. எல்லாரும் தெப்பத்தின் நடுவில் இருந்துவிட்டார்கள். அவள் பதில் சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிராது. காற்று ஒரு பக்கம்தான் கொண்டுபோகும்.

கரையில் கிடந்த வள்ளம் பீற்றர் அண்ணையுடையது. இஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். என் சத்தத்துக்கு அவரும் ஓடிவந்திருந்தார்.

"இஞ்சின் எடுக்க ஆளை விட்டிருக்கிறன். நீ ஏறு, தாங்குவம்" என்றார்.

அவரும் நானும் நீளக் கம்பால் தரையில் ஊன்றித் தாங்கிக்கொண்டு போனோம். காற்று எங்களையும் தள்ளியது. தெப்பம் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கம்பு இறங்க இறங்க ஆழம் கூடுவது கைக்குத் தெரிந்தது.

"நிலம் எட்டாமல் போகப் போகுது" என்றார் பீற்றர் அண்ணை.

"எட்டும்."

"எப்பிடி எட்டும் எண்டு சொல்லுறாய்?"

"எட்ட வேணும் அண்ணை."

அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தாங்கினார். கம்பின் நுனியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து ஊன்றிய கடைசித் தாங்கலில் வள்ளம் தெப்பத்தில் முட்டியது. நான் வள்ளத்து நங்கூரத்தைத் தூக்கிப் போட்டு, கயிற்றைத் தெப்பத்தின் அந்த விளிம்பில், சங்கிலி பூட்டியிருந்த விளிம்பிலேயே கட்டினேன். கயிறு இறுகியது. தெப்பம் மெல்லத் திரும்பிக் காற்றுக்கு முகம் கொடுத்தது. ஏணி அந்தப் பக்கம் போய் நின்றது. பிறகுதான் பிள்ளைகளைப் பார்த்தேன்.

கவி ஜெனியின் மடியில் இருந்தாள். என்னைக் கண்டதும், "மாமா, கரை எங்கயோ போகுது" என்றாள்.

"நாங்கள்தான் போறம் எண்டு நான் சொல்லேல்லை" என்றாள் ஜெனி மெதுவாக. "கரைக்குத் தண்ணி விடாய்க்குதாம், குடிச்சிட்டு வரும் எண்டு சொன்னனான்."

இஞ்சின் பூட்டிய வள்ளம் வரும்வரை அங்கேயே இருந்தோம். பிள்ளைகளுக்குக் குளிர்ந்தது. ஜெனி அவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். நான் நங்கூரக் கயிற்றைக் கையிலேயே பிடித்திருந்தேன். கட்டியிருந்த கயிறுதான், பிடிக்கத் தேவையில்லை. விட முடியவில்லை. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கயிற்றின் இறுக்கம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. ஜெனி பள்ளிக்கூடம் போக பஸ் ஏறினால், அந்த பஸ் வேலணை தாண்டிப் பாலத்தில் போகும் நேரம் வரை என் கை மூடியிருக்கிறது.

அடுத்த நாள் தெப்பத்தைக் கரையில் இழுத்துக் கவிழ்த்தோம். ஞாயிற்றுப் பூசை முடிந்து தேவாலயத்தால் வந்த சனம், சைவக் கோயிலால் வந்த சனம், எல்லாரும் நின்றார்கள். கவிழ்த்ததும் யாரோ "ஐயோ, வடிவு!" என்றார்கள். உண்மைதான். சக்கிள் வளைவைச் சுற்றி ஒரு பெரிய பூங்கொத்து. பாசிப் பச்சையும் மயில் நீலமுமாகத் தகடுகள், சிலுவைகள், சுரூபங்கள், அவற்றைச் சுற்றிச் சுற்றிக் கம்பி. தண்ணீர் வடிய வடிய ஒன்றோடொன்று தட்டி மெல்லிய சத்தம் வந்தது. இத்தனை நாளும் அது பிள்ளைகளின் காலடியில் இப்படிச் சத்தமிட்டுக்கொண்டு தொங்கியிருக்கிறது.

நான் கம்பிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். அவிழ்க்க நேரமெடுத்தது. உள்ளே சக்கிளின் ஆணி இருந்த இடத்தில் ஊசிபோலக் கூராய்த் தேய்ந்த ஒரு துண்டுதான் இருந்தது. உப்புத் தண்ணீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு கிடந்தால் செம்பு அப்படியே இருக்கும், இரும்பு கரையும். இரசாயனப் பாடத்தில் கண்ணாடிக் குவளையில் செய்து பார்த்தது. ஒரு தகடு என்றால் வருடக்கணக்காகத் தாங்கியிருக்கும். இது ஒரு கரையின் பிள்ளைகள் அத்தனை பேருக்குமான தகடுகள்.

அந்தத் துண்டை நான் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தேன். கை மாறிக் கை மாறிப் போனது. யோகம் அக்காவிடம் வந்து நின்றது.

"அப்ப நான்தானே தொடக்கினனான்" என்றாள்.

றீற்றா முன்னால் வந்து, அவிழ்த்து வைத்திருந்த குவியலைக் கிளறி, ஒரு சின்னப் பித்தளைச் சுரூபத்தை எடுத்தாள். ஜெனிக்கு ஞானஸ்நானத்தில் போட்டது. நான் அதை அலுமாரியில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"நீர் ஒண்டு கட்டினீர். நான் கம்பியை மூண்டு தரம் சுத்தச் சொல்லி விட்டனான்" என்றாள் யோகம் அக்காவிடம்.

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

"உங்களிட்டைச் சொன்னால் கம்பி சரியில்லை, முடிச்சுச் சரியில்லை எண்டு ஆயிரம் சொல்லுவியள்."

"கம்பி சரியில்லைத்தானே."

யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். யோகம் அக்காவும் அழுதுகொண்டே சிரித்தாள். சிவநேசன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மடத்துவெளிப் பெடியன், கவனமான சுழியோடி. சோளகம் தொடங்குமுன் சங்கிலி பார்த்தவன் அவன்தான். என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணை, புரளுற இடம் முழுக்கப் பிடிச்சுப் பாத்தனான். கல்லைப் பாத்தனான். மேல் நுனியில இது தொங்குது. கையைக் கிட்டக் கொண்டு போனனான். சாமிப் பொருள். விலக்கிப் பாக்க மனம் வரேல்லை. கும்பிட்டிட்டு விட்டிட்டு வந்திட்டன்."

அங்கே நான் இறங்கியிருந்தால் என் மகளின் சுரூபத்தை விலக்கியிருப்பேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நெடுந்தீவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓவசியர் எல்லாவற்றையும் கேட்டார். கீழேயிருந்து மேலே கேட்டார். கல். புரளும் இடம். கடைசியாக, "மேல் நுனி?"

சொன்னேன். அவருக்குப் பின்னால் மாடு ஒன்று கத்துவது கேட்டது.

"அந்தத் தம்பியிட்டைச் சொல்லும்" என்றார். "நானெண்டாலும் விலக்கியிருக்க மாட்டன். அதாலதான் சொல்லுறன், இனி விலக்க வேணும். கும்பிட்டிட்டு விலக்கட்டும்."

பிறகு கேட்டார், "உம்மட மகள் எப்பிடி?"

"இருக்கிறாள், சேர்."

"நீர்?"

அவர் பிளேன்ரீ முடியட்டும் என்று இருப்பதுபோலக் கொஞ்சநேரம் இருந்துவிட்டு வைத்துவிட்டார்.

புதிய சக்கிள் வந்தது. புரளும் இடத்துக்குப் புதுக் கண்ணிகளும் போட்டோம். ஆணி கழலாமல் இருக்க, அதே இரும்பாலான கம்பியால் கட்டினோம். சிவநேசன் பூட்டினான், நான் கரையில் வைத்து என் விரலால் ஒவ்வொன்றையும் பார்த்தேன். தகடுகளையும் சுரூபங்களையும் என்ன செய்வது என்று கேள்வி வந்தது. எடுத்துக்கொண்டு போக ஒரு தாய்க்கும் விருப்பமில்லை. ஏணி மரத்தாலானது, மர ஆணி அடித்தது, சங்கிலிக்கு எதிர்ப்பக்கம். அதன் கீழ்ப்படியில் தூண்டிலுக்குப் போடும் நைலோன் தங்கூசி நூலால் ஒவ்வொன்றாகக் கட்டினோம். இரும்பைத் தொடாது. ஏறும் பிள்ளையின் காலைத் தொடும்.

இரும்பைப் பொறுத்தவரை எல்லாம் சரி. ஆனாலும் அந்த ஒரு சொல் என் வாயில் வரவில்லை. சோளகம் போகட்டும், வாடை வரட்டும் என்று நாட்களைத் தள்ளினேன். வாடையில் ஏணி கரையைப் பார்த்து நிற்கும். பிள்ளை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதுதான் உண்மையான காரணம். அதுவரை கேட்காத ஜெனி ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, சங்கிலியோ பிழை?"

"இல்லை."

"அப்ப?"

றீற்றா கறிச்சட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளும் என்னைப்போலப் பயந்தவள்தான். ஆனால் அவள், "சங்கிலி சரியெண்டால் சரியெண்டு சொல்லுங்கோவன்" என்றாள்.

சொன்னேன்.

சிவநேசனுக்காக எழுதத் தொடங்கியதன் கடைசிப் பகுதியை இன்று எழுதுகிறேன். நேற்றுத் தெப்பத்தைக் கடலில் விட்டோம். சோளகம் இன்னும் முடியவில்லை. கலா ரீச்சர் பெரிய பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினாள். முதலில் ஜெனி என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். சிவநேசன் தண்ணீரில் நின்றான். யோகம் அக்கா கவியின் தோளைப் பிடித்திருந்தாள். றீற்றாவும் நானும் பூவரச மரத்தின் கீழே.

ஜெனி நீந்திப் போனாள். தெப்பத்தை நெருங்கி, அதன் பக்கமாகச் சுற்றி, ஏணி இருக்கும் பக்கத்துக்குப் போனாள். பிறகு அவள் தெரியவில்லை. தெப்பம் மட்டும் நின்றது. காற்றுக்கு முகம் கொடுத்தபடி, ஆடாமல்.

"தெரியுதே?" என்றாள் றீற்றா.

"இல்லை."

"ஏணி?"

"அதும் தெரியேல்லை."

"நல்லதுதானே?"

"ஓம். நல்லது."

என் காதுக்குள் இரைச்சல் கூடியது. றீற்றாவின் கை என் மூடிய கையின் மேல் வந்து இருந்தது. தண்ணீர் பித்தளை நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. தெப்பத்தின் விளிம்பில் முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு நனைந்த தலை. ஜெனி ஏறினாள். பலகையில் நடந்து எங்கள் பக்கம் வரவில்லை. ஏணியின் மேல் கால்களைத் தொங்கப் போட்டு, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, அகன்று கிடந்த கடலைப் பார்த்தபடி இருந்தாள்.

காற்று என் பின்னாலிருந்து அவளை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கும். நான் கூப்பிடவில்லை.